விழுந்த கோடு

பகலில் எனக்கு எலும்பு வெள்ளை, காற்று கறுப்பு.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை எண் இரண்டு:
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.

ராத்திரி பெருமாள்புரம் வீட்டில்
லினோலியத் துண்டின் மேல் குனிந்தால்
கணக்கு மாறிவிடும்.
தொடாத இடமெல்லாம் கறுப்பு.
உளி தோண்டிய இடம் வெள்ளை.

ஒரு சதுரம்.
அதற்குள் சாய்ந்து இறங்கும் பதினொரு பட்டை.
பதினொன்றையும் குறுக்கே அறுக்கும் முக்கோணம்.
அறுத்த இடத்தில் கறுப்பு வெளுக்கும், வெள்ளை கறுக்கும்.
அவ்வளவுதான் படம்.
ஈரடுக்குப் பாலத்தடியில்
மூணு மணி வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது
புடவையில் விழுந்த நிழலா என்று கேட்டால்
இல்லை என்றுதான் சொல்வேன்.
நிழலுக்கு ஓரம் கலங்கும்.
எனக்குக் கலங்கக் கூடாது.

மை, மசூது பாய் அச்சகத்தில் வாங்குவது.
"இப்பம் சாவுக்கும் நாலு கலர் கேக்காங்க,
கறுப்பு தேங்கிப் போச்சு,
நீ கொண்டு போளா" என்பார்.
துட்டு வாங்கமாட்டார். டப்பாவைத் திருப்பிக் கேட்பார்.

ஒன்பதாவது பட்டையில் இருந்தேன்.
எதிர்வீட்டுக் குக்கர் விசில்.
கை வழுக்கியது.
கறுப்பின் நடுவில்
மயிர் கனத்துக்கு ஒரு வெள்ளை,
மூன்று அங்குலம்,
நேருமில்லை வளைவுமில்லை.

பென்சில் என்றால் அழிக்கலாம்.
பெயின்ட் என்றால் மேலே பூசலாம்.
தோண்டி எடுத்ததை எங்கே போய்த் திருப்பி வைக்க?
தரையில் சுருள் சுருளாகக் கிடந்தது
என் கறுப்பு.
வேறொரு துண்டில் கீறி, எம்-சீல் அடைத்துப் பார்த்தேன்.
கோடு போய் மேடு வந்தது.

மறுநாள் சிவந்திப்பட்டியிலிருந்து ஒருவர்,
பெயர் உய்க்காட்டான், வயது நாற்பத்தாறு.
கிணற்றில் தூர் எடுக்கையில் தோளில் வாளி விழுந்ததாம்.
இடது என்று காட்டும் ஈய எழுத்தை
மூலையில் வைத்து எடுத்தேன்.
விளக்குப் பெட்டியில் மாட்டினால்
வெள்ளைக் காரை எலும்பில்
மயிர் கனத்துக்கு ஒரு கறுப்பு,
நேருமில்லை வளைவுமில்லை.

நான் பார்த்துக்கொண்டே நின்றதில்
மனுஷன் பயந்துவிட்டார்.
"என்னம்மா, ரொம்ப மோசமா?"
"ஆறு வாரத்துல சேந்துரும்யா."
டாக்டர் சொல்ல வேண்டியது, வாய் முந்திவிட்டது.
சேர்ந்த இடம் கொஞ்ச காலம்
மற்றதைவிட வெள்ளையாகத் தெரியும்,
அதைச் சொல்லவில்லை.
பிலிமை வாங்கிப் பின்பக்கமாகப் பிடித்துப் பார்த்தார்.
இடது வலதானது.
முறிவு அப்படியே இருந்தது.

அன்று ராத்திரி கோட்டைத் தொடவில்லை.
உருளையில் மை ஏற்றி, தாளைப் படுக்கவைத்து,
எவர்சில்வர் குழிக்கரண்டியின் முதுகால்
மூலையிலிருந்து மூலைக்குத் தேய்த்தேன்.
மணிக்கட்டு கடுத்தது.
உரித்தபோது
பிளாஸ்திரி பிய்க்கிற சின்னச் சத்தம்.
கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளை.
ஒன்பதாவதில் மட்டும்
பிடிக்கச் சொன்ன மூச்சை
யாரோ கொஞ்சம் விட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டு பிரதி எடுத்தேன்.
ஏழாவது மசூது பாய்க்கு.
கட்டிங் மிஷினுக்கு மேலே ஒட்டினார்,
மை அடர்த்தி பார்க்க ஆகும் என்று.

போன வாரம் போன் பண்ணினார்.
பாளையஞ்செட்டிகுளத்துப் பையன் ஒருத்தன்,
அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்தவன்,
அதையே பார்த்துக்கொண்டு நின்றானாம்.
"போட்டோவே இல்லியே பாய்,
இது யாரு தவறினது?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல.
அவனே சொன்னான்,
எங்களுக்கும் கலர் வேண்டாம்,
இந்தக் கறுப்புலயே அடிச்சிருங்கன்னு.
ஐம்பது போஸ்டர்.
ஏளா, அந்த டப்பாவுல மிச்சம் இருக்கா?"

அரை டப்பா இருந்தது.
ஸ்கூட்டியில் வைத்துக்
கொண்டுபோய்க் கொடுத்தேன்.